அழவைப்பது மனவலிமைப் பயிற்சியாகாது



நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மாணவர்க்கு எத்துன்பம் நேர்ந்தாலும் ஒரு நாள் தன்முனைப்பு முகாம் நடத்திவிடுகிறோம். பேச்சாளர் வருகிறார், 'என்னால் முடியும்' என்று பலமுறை முழங்கச் செய்கிறார். பின்னர் மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, சோக இசையை ஒலிக்கவிட்டு, பெற்றோர் இறந்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். பிள்ளைகள் விம்மி அழுகின்றனர். நாமும் 'முகாம் வெற்றி' என்று அறிக்கை எழுதிவிடுகிறோம். இவ்வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது முதல் நம் பிள்ளைகள் பட்ட துன்பங்கள் கொஞ்சமா? பெருந்தொற்றில் பெற்றோரை இழந்தவர் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது மேல்மாடியில் ஒடுங்கி மீட்புப் படகுக்குக் காத்திருந்தவர் உண்டு. உண்மையிலேயே தந்தையை இழந்த குழந்தையை இருட்டில் அமர்த்தி, 'உன் அப்பா இல்லாவிட்டால்...' என்று தொடங்குவது எவ்வகைக் கல்வி?

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே படிகளைக் கூறுகிறது: கவனி, செவிகொடு, உரிய உதவியோடு இணைத்துவிடு. துயருற்றவரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. முகாம்களில் நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு.

அப்படியானால் மனவலிமை எங்கிருந்து பிறக்கிறது? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் சுமித்தும் நடுவயது வரை தொடர்ந்து ஆய்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல் போன்ற கடும் இடர்களுக்கு இடையே வளர்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் தேறினர். அவர்களுக்குப் பெரும் துணையாக நின்றது, நம்பிப் பற்றிக்கொள்ளக் கூடிய ஒரு பெரியவரின் அன்பு. சிலருக்கு அவர் பாட்டி, சிலருக்கு ஆசிரியர்.

'அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாங்கள் படாத பாடா? யார் எங்களுக்கு ஆலோசனை சொன்னார்கள்?' என்று கேட்போர் உளர். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், பிள்ளைகளுக்குச் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அத்தைகளும் மாமாக்களும் அருகிலேயே இருந்தனர். இன்று அடுக்குமாடி வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்கும் பிள்ளைக்கு யார் உளர்?

நாம் செய்ய வேண்டியவை எளியவை. வழக்கமாகப் பேசும் மாணவன் ஊமையானால், வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டும். தனியே அழைத்து, அறிவுரை கூறாமல் பத்து நிமிடம் கேட்க வேண்டும். அழுதால் அழவிட வேண்டும். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?' என்று வாயை அடைக்கக் கூடாது. துயரம் தணியாவிடில் பெற்றோரோடு கலந்து பேசி, ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். இரவில் நெருக்கடி நேர்ந்தால் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முகாமுக்குப் பணம் ஒதுக்கக் கேட்டால், எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: பேச்சாளர் புறப்பட்டுப் போன மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமரப் போகிறவர் யார்?

பெயரைச் சொன்ன பிறகு பணத்தை ஒதுக்குவோம்.