பதிவேடும் பிணியும்

மக்களைப் பற்றும் பிணிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வாந்திபேதி ஓர் ஊருக்குள் நுழைந்தால் சில நாட்களுக்குள் அதன் கொடுமை வெளிப்பட்டுவிடும். அது யாரைப் பற்றியது, எந்த நீர்நிலையிலிருந்து பரவியது என்பதைக் கூர்ந்து நோக்கும் மருத்துவர் ஒருவரே கண்டு சொல்லவும் கூடும். வேறு சில பிணிகளோ வந்த நாள் தெரியாமல் வந்து, இருபது முப்பது ஆண்டுகள் உடலோடு உறைபவை. அவற்றின் போக்கை முதலிலிருந்து முடிவு வரை காணும் வாய்ப்பு எந்த மருத்துவருக்கும் கிட்டுவதில்லை. நோயாளி ஊர் மாறுவார். மருத்துவர் ஓய்வு பெறுவார். முன்பு உண்ட மருந்தின் பெயரும் மறந்துபோகும்.

நாட்பட்ட அழற்சி நோய்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அழற்சி தன்னளவில் தீயதன்று. காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது, உடலின் காவற்படை அங்கே திரண்டு போரிடுவதன் அடையாளம். பகை ஒழிந்ததும் படை கலைந்துவிட வேண்டும். அது கலையாமல் நின்று, தான் காக்க வேண்டிய உடலையே தாக்கத் தொடங்கினால் நாட்பட்ட அழற்சி தோன்றுகிறது. மூட்டுகளைத் தாக்கும்போது முடக்குவாதமாகவும், குடலைத் தாக்கும்போது குடலழற்சியாகவும், தோலைத் தாக்கும்போது சொரியாசிஸ் என்னும் தோல் நோயாகவும் அது வெளிப்படும். இவற்றை அடக்க மருந்துகள் உண்டு. அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே மருந்து உண்பதும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

அவ்வாறு நெடுங்காலம் உண்ணும் மருந்தினால் பின்னாளில் தீங்கு நேருமா என்று நோயாளி வினவுவது இயல்பே. இவ்வெளிய வினாவிற்கு விடை காண்பதுதான் அரிது. புது மருந்து ஒன்றை விற்பனைக்கு விடுமுன், சில நூறு பேருக்கோ சில ஆயிரம் பேருக்கோ கொடுத்துச் சில மாதங்களோ ஓரிரண்டு ஆண்டுகளோ சோதிப்பர். பல்லாயிரவருள் மிகச் சிலருக்கு, அதுவும் நெடுநாள் கழித்து நேரும் தீங்கு அச்சோதனையின் வலைக்குள் சிக்குவதில்லை. அதைப் பிடிக்க ஒரு நாட்டளவு அகன்ற வலை வேண்டும். அத்தகைய வலையை வட ஐரோப்பிய நாடுகள் சில, தாம் எதற்காகப் பின்னுகிறோம் என்பதை முழுதும் அறியாமலேயே பின்னி வைத்திருந்தன.

சுவீடன் நாட்டில், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பாதிரிமார் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதித்தது. 1749 முதல் அக்கணக்குகள் நாடு முழுமைக்கும் தொகுக்கப்பட்டன. வரிக்கும் படைக்கும் ஆட்களை எண்ணுவதே அரசின் நாட்டமாக இருந்தது. மருத்துவ ஆராய்ச்சி அன்று யார் கனவிலும் இல்லை. 1947இல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கப்பட்டது. 1958இல் புற்றுநோய்ப் பதிவேடும், 1964இல் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கான பதிவேடும் தொடங்கின. பின்னது 1987இல் நாடு முழுவதையும் தழுவியது. 2005இன் நடுப்பகுதியிலிருந்து, மருந்துக் கடைகளில் சீட்டுக்கு வழங்கப்படும் மருந்துகளும் பதியப்படுகின்றன. இவ்வேடுகள் அனைத்திலும் ஒருவர்க்கு ஒரே எண். அந்த எண் என்னும் நூலால் ஏடுகளைக் கோத்தால், ஒரு நோயின் நெடிய வரலாறு கண்முன் விரிகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம். முடக்குவாதத்தில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 1998, 1999ஆம் ஆண்டுகளில் வழக்கிற்கு வந்தன. கை விரல்களை மடக்க இயலாதிருந்தோர் பலர் மீண்டும் தம் வேலையைத் தாமே செய்யலாயினர். ஆனால் அம்மகிழ்ச்சியின் பின்னாலேயே ஓர் அச்சமும் வந்தது. காவற்படையைக் கட்டிப்போடும் மருந்து, புற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிடாதா? மருந்து பெற்றோருள் 26 பேருக்கு நிணநீர்ப் புற்று கண்டதாக அமெரிக்க அரசுக்கு வந்த அறிக்கைகளைப் பற்றிய கட்டுரை 2002இல் வெளியானது. மருந்தை நிறுத்தினால் மூட்டுகள் அழியும்; தொடர்ந்தால் உயிருக்கே கேடு வருமோ என்னும் ஐயம். நோயாளர் இரண்டு நெருப்புகளுக்கிடையே நின்றனர்.

சுவீடன் ஆராய்ச்சியாளர் ஜோஹன் ஆஸ்க்லிங் முதலியோர் 2005இல் இவ்வினாவைப் பதிவேடுகளின் முன் வைத்தனர். 1999 முதல் 2003 வரை அம்மருந்துகளைப் பெற்றோர் 4,160 பேர். அவர்களுள் ஒன்பதின்மருக்கு நிணநீர்ப் புற்று கண்டிருந்தது. பொதுமக்களிடையே அதே அளவினரை எடுத்துக்கொண்டால் மூவருக்கே அது நேர்ந்திருக்கும். மும்மடங்கு! இவ்விடத்தில் கணக்கை மூடியிருந்தால் மருந்தே குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்கும். ஆனால் அவர்கள் மூடவில்லை. ஏடுகளில் முடக்குவாத நோயாளர் 53,067 பேரின் வரலாறும் இருந்தது. அம்மருந்தின்றியும் அவர்களிடையே நிணநீர்ப் புற்று பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு மிகுந்திருந்தது. வயதும் பாலும் நோயுற்ற காலமும் ஒத்துவருமாறு இரு சாராரையும் ஒப்பிட்டபோது, மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் உண்மையும் பொய்யும் பிரிகின்றன.

அப்படியாயின் அந்த இருமடங்கு எங்கிருந்து வந்தது? ஈவா பேக்லண்ட் தலைமையில் நிகழ்ந்து 2006இல் வெளியான ஆய்வு இதனை ஆராய்ந்தது. 1964க்கும் 1995க்கும் இடையே மருத்துவமனைகளில் தங்கிய முடக்குவாத நோயாளர் 74,651 பேரைப் பதிவேடு காட்டியது. அவர்களுள் நிணநீர்ப் புற்றுற்ற 378 பேரையும், அந்நோயுறாத 378 பேரையும் தெரிந்தெடுத்தனர். இதற்குமேல் பதிவேட்டால் செல்ல முடியவில்லை. எனவே மருத்துவமனைகளில் கிடந்த பழைய நோய்க்குறிப்புகளைத் தேடி எடுத்து, எத்தனை மூட்டுகள் வீங்கியிருந்தன, என்னென்ன மருந்து தரப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் படித்தனர். அழற்சி மிகக் கடுமையாக இருந்தோர்க்கு, அது மெலிந்திருந்தோரைவிட நிணநீர்ப் புற்றின் அச்சம் ஏறத்தாழ 70 மடங்கு மிகுந்திருந்தது. அசத்தியோபிரின் என்னும் ஒரு மருந்து மட்டும் சற்றே ஐயத்துக்குரியதாக நின்றது. ஏனைய மருந்துகள்மேல் பழியில்லை. பல்லாண்டு அவியாமல் எரிந்த அழற்சியே பெருங்காரணம். மருந்துக்கு அஞ்சி நோயை வளரவிட்டவர், தாம் அஞ்சிய கேட்டையே நாடிச் சென்றவராவர் என்பது இதனால் விளங்கியது.

இவ்வளவு பயன் தருவதால் பதிவேடு சொல்வதெல்லாம் மெய் என்று கொள்ளுதல் தகாது. தங்கிச் சிகிச்சை பெற்றோரை மட்டுமே எழுதிய பழைய ஏட்டில், வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட எளிய நோயாளர் இல்லை. தனி மருத்துவ வல்லுநரிடம் வந்து செல்லும் வெளிநோயாளர் 2001 முதல்தான் அதில் இடம்பெற்றனர். வலியின் அளவும் அதில் இல்லை. இக்குறையை உணர்ந்தே, முடக்குவாதத்திற்கெனத் தனிப் பதிவேடுகளைச் சுவீடன் 1990களிலும் டென்மார்க் 2000த்திலும் தொடங்கின. அங்கே நோயாளியே தம் வலியையும் களைப்பையும் மதிப்பிட்டுப் பதிவு செய்கிறார். எழுத்தர் இடும் குறியீட்டைக் காட்டிலும் நோயாளி சொல்லும் சொல் பல வேளைகளில் நம்பத்தக்கது.

மற்றொரு தடையும் உண்டு. இதனை அறிவியலார் சிலர் எளிதாக ஒதுக்கிவிடுகின்றனர். ஒருவருடைய நோய் அவருக்கே உரிய செய்தி. அதை அரசு எழுதி வைப்பதும், அறியாத ஒருவர் எடுத்துப் பார்ப்பதும் முறையா? 1953இல் பிறந்து, ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 15,000 பேரைப் பற்றி, பள்ளி, காவல்துறை முதலியவற்றின் ஏடுகளிலிருந்து செய்தி திரட்டி ஒரு சமூகவியல் ஆராய்ச்சி நெடுங்காலம் நடந்துவந்தது. அதன் பெயர் மெட்ரோபோலிட். 1986இல் நாளிதழ் ஒன்று அதனை வெளிப்படுத்தியபோதுதான், தாம் ஆராயப்பட்டு வருவதை அவர்களுள் பெரும்பாலோர் அறிந்தனர். நாடெங்கும் சினம் மூண்டது. அவ்வாண்டிலேயே அடையாளங்கள் அழிக்கப்பட்டன. ஆனால் பின்னாளில், பெயரற்ற அவ்வேட்டைப் பெயரற்ற மற்றோர் ஏட்டுடன் கணித முறையால் ஆராய்ச்சியாளர் பொருத்திவிட்டனர். பெயரை அழித்தால் மறைவு நிலைத்துவிடும் என்பார் கூற்று எவ்வளவு மெலிந்தது என்பதை இது காட்டும்.

இன்று சுவீடனில், அரசின் பொதுப் பதிவேடுகளில் இடம்பெற மறுக்கும் உரிமை குடிமக்களுக்கு இல்லை. தனி நோய்ப் பதிவேடுகளில் இடம்பெற மறுக்கலாம். முன்னது கொடுமை என்று சிலர் கூறுவர். மறுப்போர் மிகுந்தால் ஏடு ஓட்டைப் பானையாகும். எஞ்சியோரைக் கொண்டு கண்ட முடிவு எல்லோரையும் வழிதவறச் செய்யும். ஆகையால் இக்கட்டாயத்தை ஏற்கலாம். ஆனால் கட்டாயமாகப் பெற்ற செய்தி கடனாகப் பெற்றது போன்றது. அறநெறிக் குழுவின் இசைவின்றி ஆராயாமலும், என்ன ஆராயப்படுகிறது என்பதை மறைக்காமலும், கண்ட முடிவை வெளியிட்டும் அக்கடனைத் தீர்க்க வேண்டும். டென்மார்க் அரசு 2015இல், விலையுயர்ந்த அழற்சி மருந்து ஒன்றுக்கு ஈடாக விலை குறைந்த ஒப்பு மருந்தைக் கொடுக்கச் செய்தது. அவ்வாறு மாற்றப்பட்ட 802 பேரின் நிலையைப் பதிவேட்டில் ஆராய்ந்து, மாற்றத்திற்கு மும்மாதம் முன்னும் பின்னும் நோயின் கடுமை பெரிதும் வேறுபடவில்லை என்று ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அரசு செய்த சிக்கனம் நோயாளரை வாட்டியதா என்பதைக் குடிமக்கள் அறிய முடிந்தது. இதுவே முறையான கைம்மாறு.

வினாக்கள் ஓய்ந்தபாடில்லை. ஜே.ஏ.கே. தடுப்பு மருந்துகள் என்னும் புதுவகை இப்போது வழங்கப்படுகிறது. அவ்வகை மருந்து ஒன்றை 4,362 பேரிடம் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெற்றோரைவிட அதனைப் பெற்றோரிடையே புற்றுநோயும் இதயக் கேடும் மிகுந்திருக்கக் காட்டியது. அச்சோதனையில் சேர்ந்தோர் அனைவரும் ஐம்பது வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இதய நோய்க்கு ஏதுவான குறை ஒன்றேனும் உடையவர்கள். இளையோரும், அக்குறை இல்லாதோரும் அம்மருந்தை உண்டு வருகின்றனரே, அவர்கள் நிலை என்ன? அதற்குரிய விடையை வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளில் இன்று தேடி வருகின்றனர்.