ஆலை வருகிறது, ஆள் எங்கே?

குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பவர்சிப் நிறுவனமும் சேர்ந்து அமைக்கும் சிப் ஆலைக்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. முதலீடு 91,000 கோடி ரூபாய். அதில் பாதி மத்திய அரசின் உதவி. மாநிலச் சலுகைகள் தனி. இவ்வளவு மக்கள் பணம் போகும் ஆலையில் இயந்திரங்களை ஓட்டப் போவது யார் என்று கேட்டாக வேண்டும்.

சிப் தயாரிப்பின் கணக்கு ஈவிரக்கம் இல்லாதது. சிலிக்கான் வேஃபர் மீது ஒளியுணர் பூச்சு தடவி, அச்சுப்படம் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சி, வேண்டாததை அரித்தெடுத்து, அயனிகளைச் செலுத்தி, படலம் படியவைத்து, தேய்த்துச் சமன்செய்து, மறுபடியும் பூச்சில் தொடங்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான படிகள். 500 என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99.9 பழுதின்றி அமைந்தாலும் கடைசியில் தேறுவது சுமார் 60 சதவீதம். அதுவே 99 ஆக இறங்கினால், நூறு சிப்பில் ஒன்றுகூடத் தேறாது.

அந்தத் தசமப் புள்ளி டெக்னீஷியன்களின் கையில் இருக்கிறது. ஒளி பாய்ச்சும் லித்தோகிராபி அறையில் மஞ்சள் விளக்குதான் எரியும். நீல ஒளி பட்டால் பூச்சு கெட்டுவிடும். அங்கே கண் மட்டும் தெரியும் உடையில் நின்று, படலத்தின் தடிமன் துளி நகர்ந்தாலும் பிடித்துவிடுகிற பழக்கம் புத்தகத்தில் வராது. 2019 ஜனவரியில் தைவானின் சிப் நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யின் ஆலைக்குள் தரம் கெட்ட பூச்சு நுழைந்தது. அந்தக் காலாண்டு வருவாயில் சுமார் 55 கோடி டாலர் குறைந்தது. துறையில் கரைகண்டவர்களுக்கே அந்தக் கதி! அதே நிறுவனம் அரிசோனா ஆலையில் உற்பத்தியை 2025-க்குத் தள்ளிவைத்தபோது சொன்ன காரணம், தேர்ந்த பணியாளர் போதவில்லை என்பது.

நாமோ வடிவமைப்புக்கே ஆள் சேர்க்கிறோம். மத்திய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டத்தின் இலக்கு 85,000 பேர். நல்லதுதான், ஆனால் அது கணினித் திரையில் முடிகிற வேலை, அதற்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஆள் உண்டு. மாணவர் வடிவமைத்த சில சிப்கள் மொகாலி குறைக்கடத்தி ஆய்வகத்தில் தயாராயின. வடிவம் அனுப்பினால் போதும், மாணவர்கள் ஆலைக்குள் கால்வைக்கத் தேவையே இல்லை.

மொகாலியில் பயிற்சிக்கென்றே தனியாக ஒரு சிறு உற்பத்தி வரிசையை அரசு அமைக்க வேண்டும்; பாலிடெக்னிக் மாணவருக்கு அதில் முதலிடம் தர வேண்டும். அங்குள்ள 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் பழைய சரக்கு என்ற இளக்காரம் வேண்டாம். இஸ்ரோவின் விக்ரம் ப்ராசஸர் அங்கேதான் உருவானது. பூச்சும் அரிப்பும் அங்கும் அதே பாடம்தான். நிறுவனங்களே வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழக்கிக்கொள்ளும் என்பது பதில் ஆகாது. அது அந்த நிறுவனத்தின் தேவைக்கு மட்டும் ஆகும்.

அடுத்த தவணை மானியத்தை விடுவிக்கும் முன், உற்பத்திப் பிரிவில் எத்தனை பேர் பயிற்சி முடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை ஆலைகளிடம் அரசு கேட்டு வாங்கி, அதைப் பொதுவில் வெளியிட வேண்டும்.