பிள்ளை தூங்கும் அறை

பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று அறையைச் சோடிக்கும் வேலை பெரும்பாலும் எட்டாம் மாதத்தில்தான் சூடுபிடிக்கும். உம்மா வீட்டிலிருந்து பழைய தொட்டில் வரும். வீட்டுக்காரர் பெயின்ட் வாளியோடு வந்து நிற்பார். சகோதரியே, இந்த இரண்டையும் சற்று வாசலிலேயே நிறுத்தி வையுங்கள்.

முதலில் பெயின்ட். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அதற்கு முன் பூசிய சுவர், கதவு, தொட்டில் எதிலும் ஈயம் இருக்கலாம். உரிந்து விழும் செதிலும், தேய்க்கும்போது பறக்கும் தூசியும்தான் ஆபத்து. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பழைய பெயின்டை உலரத் தேய்க்க விடாதீர்கள். வேலை நடக்கும்போது கர்ப்பிணியான நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிரசவத்துக்குச் சில கிழமைகள் முன்பே பூசி முடித்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து வாடையைப் போக விடுங்கள்.

அடுத்தது தொட்டில். பழையதைத் திரும்பப் பாவிப்பது நல்ல பழக்கம்தான். ஒரு மரம் மிச்சம். ஆனால் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால், உடல் நழுவித் தலை சிக்கிவிடும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை போதாது. பக்கப் பலகை ஏறி இறங்கும் தொட்டில்களின் விற்பனையை அமெரிக்கா 2011 இல் தடைசெய்தது. பெயின்ட் உரிந்த தொட்டிலும் வேண்டாம். பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பது அதன் விளிம்பைத்தான். மாமி கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

தொட்டிலைத் தனி அறையில் போட அவசரப்படாதீர்கள். முதல் ஆறு மாதமாவது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அழுத்தினால் அமுங்காத மெத்தை, அதன்மேல் இறுக்கி விரித்த பருத்தித் துணி. வேறொன்றும் தேவையில்லை. தலை உருண்டையாக வரவேண்டுமென்று வைக்கும் குட்டித் தலையணை, இருபுறமும் அணைக்கும் தலையணை, பஞ்சுப் பொம்மை எல்லாம் மூச்சை அடைக்கக் கூடியவை. பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள். 1990களில் பல நாடுகள் இதை வலியுறுத்திய பின், காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் அங்கே பெருமளவு குறைந்தன. சேலையில் கட்டும் ஏணையில் ஆட்டித் தூங்க வைப்பதென்றால், பக்கத்திலேயே இருங்கள். கண் அசந்ததும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்துங்கள். வளைந்து கிடக்கும் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும்.

நுளம்புக்குச் சுருள் கொளுத்தாத வீடு நம்மிடையே குறைவு. ஒரு சுருள் எரிந்து விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வாப்பாவை வெளியே போய்ப் புகைக்கச் சொல்லும் நாமே உள்ளே சுருளைக் கொளுத்துகிறோம்! வலைதான் நல்லது. அதுவும் இரவுக்கு மட்டுமல்ல. டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். 2017 இல் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டார்கள். பகல் தூக்கத்துக்கும் வலையைப் போடுங்கள்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் அறையை மீண்டும் பார்க்க வேண்டும். அலுமாரியைச் சுவரோடு இறுக்குங்கள். ஜன்னல் திரையின் கயிற்றை உயரக் கட்டுங்கள். சத்தமிடும் விளையாட்டுச் சாமான்களில் உள்ள வட்ட பற்றரியை விழுங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்திலேயே தொண்டைக் குழாய் வெந்துவிடும். அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கரன்ட் போகும் இரவுகளை 2022 இல் நன்றாகவே பார்த்தோம். குப்பி விளக்கு சரிந்து பிள்ளைகள் எரிகாயப்படுவதைக் கண்டுதான், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர சரியாத, மூடி கழராத பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். பிள்ளையின் அறைக்கு அந்த விளக்கும் வேண்டாம். சார்ஜ் செய்யும் லைட் ஒன்றை எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.