சிலந்திக்கொரு நீதியோ?

கண்ணுக்கு இனியதைப் போற்றுதலும் இன்னாததை அடித்தலும் மாந்தர்க்கு இயல்பாய்விட்டன. இவ்வியல்பு அறிவுக்கு ஒத்ததா என்பதனை நம் நாட்டு உயிர்கள் இரண்டினைக் கொண்டு ஆராய்வாம்.

ஒன்று, துரோயிடிஸ் டார்சியஸ் என்னும் வண்ணத்துப்பூச்சி. கரிய முன்சிறகும் பொன்னிறப் பின்சிறகும் உடையது, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளுள் மிகப் பெரியது, இத்தீவுக்கே உரியது. 2009 ஆம் ஆண்டில் இது தேசிய வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்றது. மற்றையது, பொயிசிலோதீரியா ராஜேயி என்னும் சிலந்தி. கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலும். அதே 2009 இல், மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் கொடுத்த உயிரற்ற ஆண் சிலந்தியே இதனை ஆராய்ச்சியாளர்க்கு அறிமுகஞ் செய்தது. 2012 இல் இது புதிய இனமெனப் பெயர் பெற்றது. ஓராண்டிலேயே ஒன்று முடி சூடிற்று. மற்றையது பிணமாய் வந்து சேர்ந்தது.

சிலந்தி நஞ்சுடையதன்றோ என்பீர். வண்ணத்துப்பூச்சி மட்டும் நஞ்சற்றதோ? அதன் புழு ஈச்சுரமூலி இனக் கொடிகளின் நச்சிலையைத் தின்று, அந்நஞ்சை உடலிற் சேர்த்தே பறவைகளிடமிருந்து தப்புகின்றது. சிலந்தியின் கடி நோவும் தசைப்பிடிப்பும் தரும் என்பது மெய்யே. ஆயின் அது மனிதரைத் தேடிவந்து கடிப்பதன்று. பகலில் முதுமரப் பொந்தில் ஒடுங்கி, இரவில் இரை தேடுவது. மரம் வீழ்ந்தால் பழங்கட்டடங்களிற் புகும்; புகுந்தவிடத்தே விளக்குமாற்றால் அடியுண்டு மாளும்.

கொடி அழியின் வண்ணத்துப்பூச்சி இல்லை. பொந்துள்ள மரம் அழியின் சிலந்தி இல்லை. முன்னதற்காகப் பரிந்து பேச அதன் அழகு உண்டு. பின்னதற்காகப் பேசுவார் யார்?

சைவராகிய நாமே பேசுதல் வேண்டும். திருவானைக்காவில் இறைவர்க்கு நூற்பந்தர் இழைத்த சிலந்தியே கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது எனப் பெரியபுராணம் கூறும். அவரை அறுபத்துமூவருள் ஒருவராகத் தொழுதுவிட்டு, வீடு திரும்பியதும் சிலந்தியைக் கண்டவுடன் அடித்தல் முறையாமோ?

மாணவச் செல்வங்களே, பெருஞ்சிலந்தியைக் காணின் தொடாது விலகி நின்று நோக்குங்கள். விலங்கியல் ஆசிரியர்க்கு அறிவியுங்கள். வன்னியிற் காணியுடைய பழைய மாணவர்களே, பொந்துள்ள முதுமரம் ஒன்றையேனும் வெட்டாது விடுங்கள். அழகுக்கு இரங்குவது எளிது. அழகற்றதற்கும் நீதி வழங்குவதே கற்றோர்க்கு அழகு.