தகர வில்லைகள் கூறும் வரலாறு

சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், பின்புறம் ஊக்கு வைத்த தகர வில்லைகள் நான்கு கிடைத்தன. தேர்தல் காலங்களில் சட்டையில் குத்திக்கொண்ட பேட்ஜுகள் அவை. "துருப்பிடிச்ச தகரம், பழைய இரும்புக்காரர்கிட்டப் போடு" என்றார் சித்தப்பா. நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதையே இங்குக் கூற விழைகிறேன்.

புதுக்கோட்டைச் சீமையினராகிய நாம் சமஸ்தானத்தின் அம்மன் காசைப் பெருமையோடு காட்டுகிறோம். அது மன்னராட்சியின் சான்று எனில், பேட்ஜ் மக்களாட்சியின் சான்று அன்றோ? 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. எழுத்தறியாதவருக்கும் வாக்குரிமை வந்தபோது, சின்னமே அவருக்கு எழுத்தாயிற்று.

அச்சின்னம் காலத்தையும் காட்டும். காங்கிரசின் இரட்டைக் காளை எனில், அது 1969 பிளவுக்கு முந்தையது. பசுவும் கன்றும் எனில், பிளவுக்குப் பின் 1971இல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் ஏற்றது. அ.தி.மு.க.வின் இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் தோன்றியது. அக்கட்சி இரு அணிகளாய் நின்ற 1989 சட்டமன்றத் தேர்தலுக்கு உரியவை சேவலும் இரட்டைப் புறாவும். எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது போன்றதே இதுவும்!

அமெரிக்காவில் 1896 தேர்தலில் மக்கின்லியும் பிரையனும் போட்டியிட்டபோது பரவிய செல்லுலாய்டு வில்லைகளை அந்நாட்டு அருங்காட்சியகங்கள் இன்றும் காக்கின்றன. நாமோ தகரமென்று எடைக்குப் போடுகிறோம்.

கட்சிச் சின்னங்கள் கல்லூரிக்குள் வந்தால் பூசல் விளையாதா எனச் சிலர் கேட்கலாம். ஒரு கட்சியினதை மட்டும் வைத்தால் விளையும். வென்றவர், தோற்றவர் எல்லாருடையவற்றையும் ஒரே கண்ணாடிப் பேழையில் வைத்தால், அது பிரசாரமாகாது, பாடமாகும்.

ஆனால் தகரம் தானாகப் பேசாது. நான்கும் தாத்தாவுடையவை என்றே எண்ணியிருந்தேன். அப்பத்தா உதயசூரியனைத் தனியே எடுத்து வைத்தார். "இது என் தம்பி குத்துனது. தேர்தல் முடியுற மட்டும் மச்சானும் மச்சினனும் பேசிக்கிற மாட்டாக. ரெண்டு பேருக்கும் சோறு போட்டது நாந்தான்" என்றார். எந்த நூலில் இருக்கிறது இவ்வரலாறு?

ஆகவே, நண்பர்களே, விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வில்லையோடும் அணிந்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். நம் வரலாற்றுத் துறை ஒரு பேழைக்கு இடம் தரட்டும். தகரம் துருவேறினாலும் சில காலம் நிற்கும். சொல்லும் அப்பத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.