பேரு, நட்சத்திரம், ராசி?

திருநள்ளாறு போயிருக்கிறீர்களா? சனிக்கிழமை போனால்தான் முழு அனுபவம். நளதீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு க்யூவில் நின்று, இன்ச் இன்ச்சாக நகர்ந்து சந்நிதிக்கு வந்து சேர்ந்தால், ‘‘பேரு? நட்சத்திரம்? ராசி?’’ என்பார் அர்ச்சகர். பின்னால் ஐந்நூறு பேர் நெட்டுகிறார்கள். உங்களுக்கு நாலு செகண்ட் டயம்.

நமக்கு இது ஜுஜுபி. திக்கிப் பேசுகிறவருக்கோ ஐ.ஏ.எஸ். இன்டர்வியூ! பலருக்கு ரொம்பச் சிரமமான வார்த்தை, சொந்தப் பெயர்தான். மற்றதற்கெல்லாம் மாற்று வார்த்தை உண்டு. ‘டீ’ வராது என்று தெரிந்தால் ‘காபி’ கேட்டு விடலாம். (பிடிக்காத காபியை இப்படிக் குடித்துத் தீர்ப்பவர்கள் நிஜமாகவே உண்டு!) பெயருக்கு ஏது மாற்று? ‘பூரட்டாதி’ வராமல் ‘அஸ்வினி’ என்று சொல்லித் தப்பித்தால், பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அர்ச்சனை வேறு யாருடைய அக்கவுன்ட்டிலோ வரவு!

‘வாக்கு ஸ்தானத்திலே சனி’ என்று ஜோசியர் சொல்லி இங்கே வருகிறவர்கள் உண்டு. வரட்டும், எள் தீபம் போடட்டும். நம்பிக்கை அவரவர் சொத்து. ஆனால், ஊர் திரும்பியதும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டையும் பார்த்து விடுவது நல்லது.

‘அவர் என்ன செய்வார்? வாயில் கூழாங்கல் போடுவாரா?’ என்கிறீர்களா... ஊஹூம். முதல் காரியமாக, சும்மா இருப்பார். ஆமாம் ஸார்! எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தையை முடிக்க அரை நிமிஷம் எடுத்தாலும், வாட்ச்சைப் பார்க்காமல், எடுத்துக் கொடுக்காமல், முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். வீட்டில் அப்பா, ஸ்கூலில் வாத்தியார், பஸ்ஸில் கண்டக்டர் என்று யாருமே தராத ஒன்றை முதல் நாளே தந்து விடுகிறார். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் மூச்சு, நாக்கு, உதடு சமாசாரமெல்லாம்.

அடுத்து, ‘ஏன் திக்கறே?’ என்று கேட்க மாட்டார். ‘எங்கே பேசறது ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ என்பார். டெலிபோனா, மேனேஜர் ரூமா, பெண் பார்க்கப் போன இடமா? அந்த லிஸ்ட்தான் சிலபஸ். பல சமயம் கூடவே கடைக்கும் வருவார். அமெரிக்காவில் மிச்சிகனில் 1936-ல் கிளினிக் ஆரம்பித்த சார்ல்ஸ் வான் ரைப்பர், தானே திக்குகிறவர். வேண்டுமென்றே நாலு பேர் முன்னால் திக்கிப் பார்ப்பதை ஒரு பயிற்சியாகவே வைத்தார். திக்கினால் உலகம் இடிந்து விழாது என்று கண்ணால் பார்த்தால் பாதி பயம் போச்சு!

பேசப் பழக்குகிறவரின் வாய் எவ்வளவு பவர்ஃபுல் என்பதற்கு 1939-ம் வருஷத்தில் இரண்டு சாட்சிகள்.

ஒன்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் ஓர் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், ‘உனக்குத் திக்குகிறது, சரியாக வராவிட்டால் பேசாதே’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாவம், அந்தக் குழந்தைகள் வாயைத் திறக்கவே கூச ஆரம்பித்தன. பல்கலைக்கழகம் 2001-ல் மன்னிப்புக் கேட்டது.

இன்னொன்று, லண்டன். செப்டம்பர் 3-ம் தேதி, யுத்தம் வந்துவிட்டதென்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் ரேடியோவில் பேசினார். பக்கத்தில் நின்றவர் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர். டாக்டர் பட்டம் கிடையாது. மன்னர் வெறும் டியூக்காக இருந்த 1926-ல், ‘நான் வரமாட்டேன், அவர்தான் என் ரூமுக்கு வர வேண்டும்’ என்றவர். கிளம்பி வருகிற முயற்சியே வைத்தியத்தில் சேர்த்தி என்பது அவர் கட்சி. சுமார் 14 மாசத்தில் டியூக் வந்தது 82 தடவை! இடையிடையே நிறுத்திப் பேசும் வழக்கம் மன்னருக்குப் பிறகும் இருந்தது. ஆனால், பேசினார்.

திக்கல், நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஆண்களுக்கே அதிகம். பரம்பரையும், மூளை பேச்சை நடத்தும் விதமும் காரணம். அம்மாவின் கண்டிப்போ, பையனின் பயந்த சுபாவமோ காரணமல்ல. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஆரம்பிக்கும். பல குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும். ஆனாலும், சில மாசம் நீடித்தால் காட்டிவிடுங்கள். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலும் மத்திய அரசின் நிறுவனம் உண்டு. வேறு எங்கே போனாலும், ‘இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா?’ என்று தயங்காமல் கேளுங்கள். ‘நாற்பது நாளில் கேரன்ட்டி’ போர்டைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள்.

நமக்கும் இதில் ஒரு சின்ன வேலை உண்டு. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ‘ச... ச...’ என்று ஆரம்பித்தால், ‘சம்பளமா? சர்க்குலரா? சனிக்கிழமை லீவா?’ என்று க்விஸ் நடத்தாதீர்கள். ‘மெதுவாப் பேசுப்பா, மூச்சை இழுத்து விடு’ என்ற இலவச வைத்தியமும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அவரே சொல்லி முடிப்பார்.

மிஞ்சிப்போனால் பத்து செகண்ட். ஏழரை வருஷம் ஆகாது!