பெயரில் ஏது பிளஸ், மைனஸ்?

போன வருடம் கெமிஸ்ட்ரி வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "டேனியல் செல்லில் ஆனோடு எது?" நான் யோசிக்கவே இல்லை. "காப்பர் சார்." "எப்படி?" "அதுதானே சார் பிளஸ்!" சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து விசாரித்தால் எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் அதே பதில்தான்.

நண்பர்களே, தப்பு எங்களுடையது மட்டும்தானா? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு ஆனோடு என்றால் நேர்மின்வாய், கேத்தோடு என்றால் எதிர்மின்வாய். பெயரிலேயே குறி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிளேட்டிங் தொட்டியில் அது சரி. அங்கே வெளியிலிருந்து நாம் கரண்ட் கொடுக்கிறோம், ஆனோடு பிளஸ்தான். டேனியல் செல்லோ தானே கரண்ட் தருவது. துத்தநாகம் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் ஒயர் வழியாகச் செம்புக்குப் போகின்றன. ஆக்ஸிடேஷன் நடக்கும் இடமே ஆனோடு என்பதால், இங்கே துத்தநாகம்தான் ஆனோடு, குறி மைனஸ். 'நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது' என்று எழுதிப் பாருங்கள், நமக்கே சிரிப்பு வரும்!

1834-இல் இந்தப் பெயர்களை வெளியிட்ட மைக்கேல் ஃபாரடே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லிடம் யோசனை கேட்டுத்தான் வைத்தார். கிரேக்க மொழியில் ஆனோடு 'மேலேறும் வழி', கேத்தோடு 'கீழிறங்கும் வழி'. அதில் குறியே கிடையாது.

எங்க அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. டிராக்டர் பேட்டரியைச் சார்ஜ் போடும்போது பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கொடுப்பார்; ஒருநாளும் மாறியதில்லை. அந்தப் பேட்டரி ஓடும்போது மைனஸ் பக்கத்து ஈயத் தகடு ஆனோடு. சார்ஜ் ஏறும்போது பிளஸ் தகடு ஆனோடு. குறி அப்படியே இருக்கிறது, பெயர்தான் இடம் மாறுகிறது. அப்பாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, குழப்பமும் இல்லை. படித்த நான்தான் முழித்தேன்.

மனப்பாடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: ஆனோடு, ஆக்ஸிடேஷன் இரண்டுமே 'ஆ'. ஆனால் டேனியல் செல்லைப் படம் வரைந்து ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவதோடு விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு தகட்டையும் எடை போட்டு, சில மணி நேரம் கரண்ட் எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். துத்தநாகம் இளைத்திருக்கும், செம்பு பெருத்திருக்கும். (பேட்டரித் தகட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓடும்போது லெட் சல்பேட் படிந்து இரண்டுமே எடை கூடும்.) லேபில் தராசு இருக்கிறது, துத்தநாகமும் இருக்கிறது. ஒரே ஒரு மதியம் ஒதுக்கித் தருமாறு ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.